காலிப் பக்கங்களின் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடித் தோல்காரர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் பாஸ்போர்ட்டை ஒருமுறை முழுக்கப் புரட்டிவிடுவார்கள். காலாவதித் தேதியை எல்லோரும் பார்ப்பார்கள். இவர்கள் பார்ப்பது முத்திரை விழாத பக்கம் எத்தனை மிச்சம் என்பதை. மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் சந்தை சந்தையாகப் போய்வருகிறவர்களிடம் வழிவழியாக வந்த பழக்கம் இது. ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் எதிர்ப்படுவது இவர்களுடைய உலகம்தான். எங்கள் மலைப் பிள்ளைகள் சிலர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து, தையல் மேசையிலிருந்து மாதிரி தயாரிப்புக்கும் அங்கிருந்து ஏற்றுமதிப் பிரிவுக்கும் உயர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை.

என் அண்ணன் மகன் அப்படி உயர்ந்தவன். காலணி நிறுவனம் ஒன்றில் வேலை. இத்தாலிக்கு விசா கேட்கப் போன இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான். "சித்தப்பா, முழுசா ரெண்டு பக்கம் காலியா இருக்கணுமாம். நம்முதுல ஒண்ணரைதான் இருக்கு." காலாவதியாக இன்னும் வருடங்கள் இருந்த பாஸ்போர்ட் அது. அந்த முறை சந்தைக்கு அவனுக்குப் பதிலாக வேறொருவர் போனார். வாங்குகிறவர் முன்னால் தன் கைப்பட்ட மாதிரியை வைத்துப் பேசும் வாய்ப்பு ஒரு தொழிலாளியின் மகனுக்கு அடிக்கடி வருவதில்லை. எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

அவனிடம் சொல்லப்பட்டது சரியான விதிதான். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவாக 2009இல் வந்த விசாச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதச் செல்லுபடி, பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட் என்ற நிபந்தனைகளும் அதே பிரிவில் உள்ளன. தென்னாப்பிரிக்காவும் இரண்டு பக்கம் கேட்கிறது. இவற்றைச் சரிபார்ப்பது பெரும்பாலும் அந்த நாட்டு அதிகாரி அல்ல, சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுக்கும் ஊழியர். நுழையத் தகுதியில்லாதவரை ஏற்றிப் போனால் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பும் பல நாடுகளில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே அவர்கள் இரக்கம் பார்ப்பதில்லை. பெட்டியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஒரு பயணம் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். சென்னையில் புறப்பாட்டு முத்திரை, அங்கே வருகை முத்திரை, அங்கிருந்து புறப்பாடு, மறுபடி சென்னையில் வருகை. நான்கு. ஒட்டும் விசா என்றால் முழுப் பக்கம் தனி. நான்கு முத்திரையும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஆனால் நீண்ட வரிசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து நடுவில் ஒன்று குத்திவிட்டால் அந்தப் பக்கம் விசாவுக்கு உதவாது. "ஐயா, ஏற்கெனவே சீல் இருக்கிற பக்கத்திலேயே குத்துங்க" என்று பணிவாகக் கேட்கலாம். பலர் கேட்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். 36 பக்கப் புத்தகத்தில் நம் விவரங்கள், பெற்றோர் பெயர், முகவரி அச்சான பக்கங்களையும் குறிப்புகளுக்கான இடத்தையும் கழித்துவிட வேண்டும். அவற்றில் காலி இடம் தெரிந்தாலும் கணக்கில் சேராது. சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு மிச்சமிருக்கும் பக்கங்கள் பத்து ஆண்டு தாங்குமா?

பாஸ்போர்ட்டுக்கு இத்தனை பக்கம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போர் முடிந்து, 1920 அக்டோபரில் பாரிஸில் கூடிய சர்வதேச சங்கத்தின் மாநாடு 32 பக்கப் புத்தகம் ஒன்றை எல்லா நாட்டுக்கும் மாதிரியாகப் பரிந்துரைத்தது. கப்பலில் வாழ்நாளுக்கு ஓரிரு முறை போனவர்களின் காலம் அது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் நம் புத்தகம் ஏறக்குறைய அதே கனத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கா நெடுங்காலம் தன் மக்களின் பாஸ்போர்ட்டில் கூடுதலாக 24 பக்கம் சேர்த்துக் கொடுத்தது. 2016 ஜனவரி முதல் அதையும் நிறுத்திவிட்டது. இந்தியாவில் பக்கம் சேர்க்கும் வழி இல்லை. புதுப் புத்தகம்தான் வாங்க வேண்டும்.

வாங்குவது கடினமில்லை. மறுவழங்கல் விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் பக்கங்கள் தீர்ந்துவிட்டன என்று தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. முழுதாகத் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மீதி ஆண்டுகள் வீணாகுமே என்றும் தயங்க வேண்டாம். பெரியவர்களுக்குப் புதியது மறுபடி பத்து ஆண்டுக்கு வரும். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் மேலும் 2,000. மலையிலிருந்து போகிறவர்கள் சென்னைவரை அலைய வேண்டியதில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டை ரத்து முத்திரையிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அதில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்து எடுத்துப் போகலாம். எண் மாறிவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இலங்கைக்கு இணையத்தில் வாங்கிய அனுமதி, விமானப் பதிவு, வளைகுடாவில் வேலை என்றால் அங்கே முதலாளி வைத்திருக்கும் குடியிருப்புப் பதிவு, எல்லாவற்றிலும் புது எண்ணை ஏற்றியாக வேண்டும்.

முத்திரையே ஒழிந்து வருகிறதே, இந்தக் கவலை எதற்கு என்று படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஹாங்காங் 2013இல் நிறுத்தியது, பிறகு சிங்கப்பூரும் நிறுத்தியது. 2022இல் ஐக்கிய அரபு அமீரகம் குடியிருப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதைக் கைவிட்டது. 2023 மே மாதம் சவூதி அரேபியா இந்தியர்களுக்கு ஒட்டும் விசாவுக்குப் பதில் கியூஆர் குறியீடு போட்ட தாளுக்கு மாறியது. ஐரோப்பாவிலும் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் படிப்படியாக வந்திருக்கின்றன. ஆனால் ஷெங்கன் விசா இன்னும் ஒட்டுத்தாள்தான், இரண்டு பக்க விதியும் அப்படியே இருக்கிறது. நம் நாடும் போகும்போதும் வரும்போதும் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த முத்திரையை நான் ஒரு தொல்லையாகப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் வேலைக்காக வெளிநாடு போக நினைத்தால், அவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போக அவர் முன்அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இந்தக் குறிப்பிலிருந்து விலக்குப் பெறும் வழிகளில் ஒன்று, தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருப்பது. அதற்கு அவர் காட்டக்கூடிய சான்று பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகள். பள்ளிக்கூடம் தராத தகுதியை அந்தப் பக்கங்கள் தருகின்றன. பக்கம் தீர்ந்த புத்தகத்தைப் பரணில் எறிந்துவிடுகிறவர்களையும், ரத்தானதுதானே என்று ஏஜென்டிடமே விட்டுவருகிறவர்களையும் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதுகூட வளைகுடா நாடுகளிலேயே சட்டத்துக்கு எதிரானது. கத்தார் 2015இல் இயற்றிய 21ஆம் எண் சட்டப்படி அது தண்டனைக்குரியது.

போனதற்கும் வந்ததற்கும் ஒரு பதிவு இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று இந்த மலைக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். கூலி வேலை என்று சொல்லி இடைத்தரகர் அழைத்தால், எந்த ஊர், யாரிடம் வேலை, எப்போது திரும்பல் என்று ஒரு வரி எழுத்தும் இல்லாமல் இறங்கிப் போனார்கள் எங்கள் ஆட்கள். வேறு வழி தெரிந்திருந்தால் அந்த வழியில் போயிருக்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட் என்னும் அந்த வேறு வழியின் வாசலில் நிற்பது பிறப்புச் சான்றிதழ். மலைக் கிராமங்களில் வீட்டிலேயே பிறந்த தலைமுறைக்கு அது கிடையாது. 1989 ஜனவரி 26க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது கட்டாயம் என்ற விதியால் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. 2016 டிசம்பரில் அதைத் தளர்த்தி, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை போன்றவற்றையும் ஏற்றார்கள். இப்போது 2025 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும். இன்று எங்கள் மலையின் ஜமுனாமரத்தூரில் தவழும் ஒரு குழந்தையின் பிறப்பைப் பதியாமல் விட்டால், இருபது வருடம் கழித்து அதன் பயணம் நின்றுபோகும். ஊராட்சியும் அங்கன்வாடியும் இதை இப்போதே வீடுவீடாகக் கேட்டு முடிக்க வேண்டும்.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக்காக அடிக்கடி போகிறவர் வந்து நிற்கும்போது, 60 பக்கமா 36 பக்கமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். படிவத்தை இணைய மையத்துப் பையன் நிரப்பிக் கொடுக்கிறான். அவன் 36ஐத் தட்டிவிடுகிறான். 500 ரூபாய் வித்தியாசம்தான் என்று தெரிந்திருந்தால் எந்தத் தொழிலாளியும் பெரியதைத்தான் எடுப்பார். என் அண்ணன் மகன் இந்த முறை அதைத்தான் எடுத்திருக்கிறான். வருகிற பிப்ரவரிச் சந்தைக்கு விசா விண்ணப்பம் போட்டாயிற்று.