பால் பல்லும் பெற்றோரின் பதற்றமும்

ஆறேழு பிராயத்துக் குழந்தையின் கீழ்த்தாடையில், பால் பல் இன்னும் விழாமல் நிற்கையிலேயே அதற்குப் பின்புறம் நாக்கை ஒட்டிப் புதிய பல்லொன்று தலைகாட்டுவதைக் கண்டு, முகலட்சணம் கெட்டுவிடுமோ என்று கலங்காத தாய்மார் சிலரே. அக்கலக்கம் வாத்ஸல்யத்தில் பிறந்தது. ஆயினும், அன்றைக்கே நூலைக் கட்டிப் பல்லைப் பிடுங்க முற்படும் அவசரம் குழந்தைக்கு வேதனையையும் பல் வைத்தியம் என்றாலே ஒரு பயத்தையும் உண்டாக்குமேயன்றி நன்மை செய்யாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நிலைப்பல் மேலேறி வருகையில் பால் பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைய, பிடிப்பிழந்த அப்பல் ஆடி விழுவதே இயற்கையின் கிரமம். கீழ் முன்வாயில் நிலைப்பற்கள் பால் பற்களின் வேருக்கு உட்புறமாக உருவாகின்றனவாதலால், சில குழந்தைகளுக்கு வேர் முழுவதும் கரையுமுன்பே அவை வெளிப்பட்டு, இரண்டு வரிசையாகச் சில காலம் நிற்கின்றன. இது வியாதியன்று. ஆடும் பல்லைக் குழந்தை தன் நாக்காலும் சுத்தமான விரலாலும் அசைத்து வந்தால் போதும். அது விழுந்தபின், தாடையில் இடமிருக்குமானால், நாக்கின் இடையறாத உந்துதலே புதிய பல்லைப் பெரும்பாலும் முன்னே கொண்டுவந்துவிடும்.

ஆனால் பொறுமை வேறு, அசிரத்தை வேறு. இரண்டு மூன்று மாதமாகியும் பால் பல் அசையாதிருந்தாலும், மேல் முன்பற்கள் இவ்வாறு பின்னே முளைத்தாலும், வலியோ வீக்கமோ கண்டாலும், பல் வைத்தியரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது. எடுக்க வேண்டுமா என்பதைத் தேவையானால் எக்ஸ்ரே பார்த்து அவரே தீர்மானிக்கட்டும்.

முன்பல்லில் இத்தனை கவலை கொள்ளும் நாம், கடைவாயில் காட்டும் உதாசீனம் வருந்தத்தக்கது. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் முளைக்கும் பெரிய பல் ஆயுள் முழுவதற்கும் உரியது. அதைப் பால் பல்லென்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு வயதுவரை நின்று, பின்வரும் பற்களுக்கு இடம் காக்கும் பால் கடைவாய்ப் பற்களையும், எப்படியும் விழுவதுதானே என்று அலட்சியம் செய்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, பின்னே முளைத்த பல்லைக் கண்டு பதற வேண்டாம். அது கண்ணில் பட்ட அந்த வயதிலேயே, குழந்தையின் வாய் முழுவதையும் ஒருமுறை பல் வைத்தியரைக் கொண்டு பரிசோதித்துவிடுங்கள்.