தெரிந்ததைச் செய்வோம்!



2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். தீயணைப்பு வீரர்களோடும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரோடும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். படகும் நீரோட்டமும் அவர்களுக்கு அன்றாடத் தொழில்.

துணிச்சல் மட்டும் போதாது. தெரிந்த வேலையைச் செய்வதே உதவி. பழக்கமில்லாதவர் வெள்ளத்தில் குதித்தால், மீட்க வேண்டியவர் ஒருவர் கூடிவிடுவார். வேடிக்கை பார்க்கும் கூட்டமோ ஆம்புலன்சின் வழியை அடைக்கும்.

உங்களுக்கும் வேலை உண்டு. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் தாத்தா, பாட்டி யார் யார்? இன்றே எழுதி அம்மா, அப்பாவிடம் காட்டுங்கள். அடியில் 112 என்ற அவசர எண்ணையும் எழுதுங்கள். மழை நாளில் அந்தத் தாள் ஓர் உயிரைக் காக்கலாம்!