பல் இடுக்குக்கு நூல் மட்டும்தானா?

"பல் தேய்ச்சாச்சா?" என்று அம்மா கேட்கிறார். "ஆச்சும்மா!" என்று நாம் சொல்கிறோம். ஆனால், பல் முழுவதும் சுத்தமாகிவிட்டதா?

கடைவாய்ப் பல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பக்கங்கள் உண்டு. மெல்லும் பக்கம், கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம் ஆகிய மூன்றையும் பிரஷ் தேய்த்துவிடும். மற்ற இரண்டு பக்கங்களும் அடுத்த பற்களை ஒட்டி இருக்கின்றன. பிரஷ் அங்கே சரியாகப் போகாது.

அந்த இடுக்கில் உணவுத் துணுக்குகள் தங்கும். வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றில் இருக்கும் சர்க்கரையை அமிலமாக மாற்றும். அமிலம் பல்லின் வெளி ஓடான எனாமலைக் கரைக்கும். இப்படித்தான் பல் சொத்தையாகிறது.

இடுக்கைச் சுத்தம் செய்ய நூல் பயன்படுத்துவது பழைய வழி. லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், 1819-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் மெழுகு பூசிய பட்டு நூலைப் பற்றி எழுதினார். இன்று அதை ஃபிளாஸ் என்கிறோம்.

நூல் நல்லதுதான். ஆனால், அதை விரல்களில் சுற்றிக் கடைசிப் பல் வரை கொண்டுபோவது சிறுவர்களுக்குக் கடினம். "எனக்கு வரலை, போ!" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டப்பாவில் தூங்கும் நூலால் என்ன பயன்? தினமும் நம் கைக்கு எளிதாக வரும் கருவியே நல்ல கருவி. இது என் கருத்து.

வேறு என்ன இருக்கிறது? சிறிய பிடியில் நூலை இழுத்துக் கட்டிய குச்சி உண்டு. அதை ஒரே கையால் பிடிக்கலாம். பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற, மிகச் சிறிய இடுக்கு பிரஷ் உண்டு. இடைவெளி உள்ள பற்களுக்கும், கிளிப் போட்ட பற்களுக்கும் அது உதவும். நெருக்கமான பற்களுக்குள் அதைத் திணிக்கக் கூடாது. அங்கே நூல்தான் போகும். தண்ணீரைப் பீய்ச்சும் கருவியும் உண்டு. அதன் விலைதான் அதிகம்.

"வேப்பங்குச்சி போதாதா?" என்று தாத்தா கேட்கலாம். குச்சியின் நுனியை மென்று பல் தேய்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அதுவும் இடுக்குக்குள் போகாது. ஊக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். "பாட்டி, ஊக்கால குத்தாதீங்க, ஈறு கிழிஞ்சிடும்" என்று அன்பாகச் சொல்லுங்கள்.

"ஐயோ, ரத்தம் வருதே!" என்று சிலர் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கியிருப்பதே அதற்குக் காரணம். தினமும் மென்மையாகச் சுத்தம் செய்தால் குறைந்துவிடும். குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பால் பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். அந்தப் பல் விழுந்தால் மீண்டும் முளைக்காது. ஆகவே அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, "என் பல்லுக்கு எது சரியா இருக்கும்?" என்று நீங்களே கேளுங்கள். அவர் காட்டும் கருவியை ஒவ்வோர் இரவும் பயன்படுத்துங்கள்.

உங்கள் வீட்டில் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? ஏன்? வகுப்பில் சொல்லுங்கள்.