வாடகை மட்டும் பார்த்தால் போதுமா?

தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிச் சம்பளத்தை நம்பியிருக்கும் பேரணாம்பட்டுக் குடும்பங்களில், பிள்ளைக்கு வேலூரில் கல்லூரி இடம் கிடைத்ததும் சந்தோஷத்தோடு கவலையும் சேர்ந்தே வரும். ஊரில் ரயில் நிலையம் இல்லை. குடியாத்தம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வந்தால் படிக்க நேரம் மிஞ்சாது. எங்கே தங்க வைப்பது?

வேலூருக்கு நடுவே பாலாறு இருப்பதை மறக்க வேண்டாம். வடகரையில் காட்பாடி, வி.ஐ.டி., ஆக்சிலியம் கல்லூரிகள் அங்கே. தென்கரையில் ஊரீசு கல்லூரி, ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இருக்கும் கரையிலேயே வீடு தேடுவதுதான் முதல் சிக்கனம்.

சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில், வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்கள் நாள் வாடகைக்கு அறை எடுக்கின்றன. மாணவர்களுக்கு அங்கே கட்டுப்படியாவது கடினம். கொஞ்சம் தள்ளி, டவுன் பஸ் நிற்கும் இடமாகப் பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மகளுக்கு வீடு பார்ப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

வாடகையோடு தண்ணீர், கரன்ட் யூனிட் கட்டணம், பஸ் செலவு, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். அதில் வேறுவிதமாக எழுதாத வரை, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம்.

முதல் மாதத்தை எப்படியும் சமாளித்துவிடலாம். கடைசி செமஸ்டர் வரை தாங்குமா என்று கணக்குப் போட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பாதியில் பணம் தீர்ந்தால் நிற்பது படிப்புதான்.