பெரிய கட்டடத்தில்தான் பெரிய டாக்டரா?

“பிள்ளைக்கு ஒன்றென்றால் காசைப் பார்க்காதே, பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.” இதைச் சொல்லாத சொந்தக்காரர் உண்டா? அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த யோசனைக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் நிற்பதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, படிக்கிற பையன்கள்தான் பார்ப்பார்கள் என்பது முதல் நம்பிக்கை. சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, சிறுநீரகம், நரம்பு, ரத்தநோய் என்று குழந்தைகளுக்கென்றே தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எம்.டி., எம்.எஸ். படிப்புக்கு மேல் டி.எம்., எம்.சிஎச். முடித்தவர்கள் அங்கே பேராசிரியர்கள். நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் இன்று போர்டு மாட்டியிருக்கும் பலர் கத்தி பிடிக்கக் கற்றதே இங்கேதான்.

“கூட்டத்தில் எங்கே தரம்?” என்பார்கள். கூட்டம் கஷ்டம்தான். ஓ.பி. சீட்டுக்கு விடிகாலையில் வரிசை, ராத்திரி வெளியே துண்டு விரித்துப் படுக்கும் அப்பாக்கள், எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அபூர்வமான நோய்க்குக் கூட்டம்தான் பள்ளிக்கூடம். உணவுக்குழாய் முழுதாக உருவாகாமல் பிறப்பது ஏறத்தாழ 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான். மாதம் 50 பிரசவம் பார்க்கும் நர்சிங் ஹோமுக்கு அப்படி ஒரு குழந்தையைப் பார்க்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகலாம். பல மாவட்டங்களிலிருந்து ரெஃபர் ஆகி வரும் இடத்தில் அது பழகிய வேலை. சர்ஜன் மட்டுமல்ல, இரண்டு கிலோ குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பவருக்கும், ராத்திரி டியூட்டி நர்சுக்கும் கை பழகியிருக்க வேண்டும். “இந்த ஆபரேஷன் இங்கே வருஷத்துக்கு எத்தனை நடக்கிறது? ராத்திரி குழந்தைகள் ஐ.சி.யூ.வில் யார் இருப்பார்?” என்று தனியாரிலும் அரசிலும் ஒரே மாதிரி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் லிஃப்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தால் என்ன?

பேர் பெற்ற இடம் என்பதாவது உத்தரவாதமா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மதிப்புள்ள ஆஸ்பத்திரிதான். 1991 முதல் 1995 வரை அங்கே இதய அறுவை சிகிச்சைக்குப்பின் இறந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகம் என்று 2001-இல் விசாரணை அறிக்கை சொன்னது.

காசு விஷயம் சுருக்கமாக: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக் குழந்தையின் பிறவி இதயக் கோளாறுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரியிலும் அறுவை சிகிச்சை உண்டு. நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடுவதற்கு முன் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டுக் கவுன்டரில் விசாரித்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, “பக்கத்து டாக்டருக்கு என்ன தெரியும், நேரே மேலே போ” என்பது. பித்தக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய சர்ஜன் கசாயின் பெயரால் வழங்கும் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; தள்ளிப்போகப் போகக் கல்லீரல் சுருங்கிவிடும். அந்த 60 நாளில் பாதி வீட்டிலேயே போய்விடுகிறது. “மஞ்சள்தானே, இளவெயிலில் காட்டு” என்று பாட்டி சொல்வார். பச்சைக் குழந்தையின் சாதாரண மஞ்சள் அதிகமானால் டாக்டர்கள் நீல விளக்கில் வைப்பார்கள். இந்த மஞ்சளுக்கு வெயிலும் உதவாது, விளக்கும் உதவாது. இங்கே மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும், மூத்திரம் துணியில் மஞ்சள் கறையாய்ப் பிடிக்கும். இதைப் பிடிக்க எந்த சூப்பர் ஸ்பெஷலிஸ்டும் தேவையில்லை, துணி அலசுகிறவர் கண் போதும். தைவானில் 2004 முதல் குழந்தை நலக் கையேட்டிலேயே மல நிற அட்டையை வைத்துக் கொடுக்கிறார்கள்; தாய்மார் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பிறந்து 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால் வேண்டியது டைரக்ட் பிலிரூபின் என்ற ரத்தப் பரிசோதனை. தெருமுனை குழந்தை டாக்டரே அதை எழுதித் தருவார்.