மனுஷங்க படிக்கிற மாதிரி காட்டக் கூடாதா?



நம்ம கணினி அறையில் போன வாரம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அறிவியல் கண்காட்சியில் எடுத்த படங்கள் எல்லாம் அழிஞ்சு போச்சு. அழிச்சது என் தோழிதான். இன்னும் எல்லாரும் அவளைத் திட்டுறாங்க. ஆனால் தப்பு அவள் மேல் மட்டும் இல்லை என்பது என் கருத்து.

லினக்ஸ் கணினியின் கறுப்புத் திரையில், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க அவள் 'டிஎஃப்' என்று அடித்தாள். 2051132 என்று வந்தது. கமா கிடையாது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகும் கிடையாது. மேலே தலைப்பில் மட்டும் '1கே' என்று ஒரு குறிப்பு. அதாவது 1024 பைட் கொண்ட துண்டுகள் இத்தனை இருக்காம். இருபது லட்சத்தை அவள் அவசரத்தில் இரண்டு லட்சம் என்று எண்ணிவிட்டாள். 2 ஜிபி காலியா இருந்தும் 200 எம்பிதான் இருக்கு என்று பயந்து, 'ஆர்எம்' போட்டுப் படங்களை நீக்கிவிட்டாள். ஆர்எம் போட்டால் குப்பைத் தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான்!

அதையே 'டிஎஃப் -எச்' என்று அடித்தால் '2.0ஜி' என்று அழகா வருது. அந்த எச் எழுத்துக்கு 'மனிதர் படிக்கும்படி' என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மனுஷங்க படிக்கணும் என்பதைத் தனியாகக் கேட்டு வாங்கணுமா?

கணினி சாரிடம் கேட்டேன். "ஒரு நிரல் தரும் விடையை இன்னொரு நிரலும் வாங்கிப் படிக்கும்மா. அதுக்கு வெறும் எண்தான் வசதி" என்றார். நியாயம்தான். ஆனால் 'எல்எஸ்' கட்டளையைப் பாருங்க. திரையில் காட்டும்போது கோப்புப் பெயர்களைப் பத்தி பத்தியாக அடுக்கித் தருது. அதையே இன்னொரு நிரலுக்கு அனுப்பினால் வரிக்கு ஒரு பெயராகத் தருது. படிக்கப் போவது யார் என்று அதற்குத் தெரியுது. மற்ற கட்டளைகளும் அப்படி இருந்தால் என்ன?

எல்எஸ்ஸிலும் ஒரு குறை உண்டு. நம்ம கணினியில் கோப்புறைப் பெயர்கள் கறுப்பு மேல் நீலமா வருது. கடைசி பெஞ்சில் இருந்து தெரியவே இல்லை. சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவங்களும் இருக்காங்க. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. 'எல்எஸ் -எஃப்' போட்டால் கோப்புறைப் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு வரும். நிறம் தெரியாவிட்டாலும் கோடு தெரியும் இல்லையா?

கரும்பலகையில் எழுத்து புரியவில்லை என்றால் டீச்சர் திரும்பப் பெரிசா எழுதுறாங்க. நம்ம கண்ணைக் குறை சொல்றது இல்லை. நிரல் எழுதுறவங்களும் அப்படித்தான் நினைக்கணும். நம்மில் சிலர் நாளைக்கு நிரல் எழுதப் போறோம். அப்போ இதை மறக்காமல் இருப்போம்!

அதுவரைக்கும், கணினிப் பக்கத்தில் 'டிஎஃப் -எச்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன். யாரும் கிழிச்சிடாதீங்க. என் தோழியையும் இனிமேல் திட்டாதீங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி