இரக்கமும் உளநோய் மருத்துவரும்

பிறர் துயரைத் தம் துயராய் உணர்தல் வேறு. அத்துயர் தீர விழையும் இரக்கம் வேறு. துணைவர் வலியுறுவதை அறிந்த மகளிர் மூளையிலும் வலிக்குரிய இன்சுலாப் பகுதி எழுச்சியுறுதலை, 2004-இல் தானியா சிங்கர் அம்மையார் முதலியோர் கண்டனர். 2013-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியோ, ஒத்துணர்வு மட்டும் பயின்றார் உளம் நொந்தனர் என்றும், பின்னர் இரக்கம் பயின்றவழி அந்நோவு தணிய, மூளையின் வேறு பகுதிகள் எழுச்சியுற்றன என்றும் காட்டிற்று.

நாடோறும் பிறர் துயர்க்கதை கேட்கும் உளநோய் மருத்துவர், தம்மைக் காத்தற்கு நெஞ்சை இறுக்கிக்கொள்ளல் வேண்டும் என்பாரும் உளர். அதனை யாம் ஒப்போம். உடன் மூழ்குவோன் கரையேற்றான்; கரையில் வாளா நிற்போனும் ஏற்றான். நல்ல சமாரியன் அழுதான் என லூக்கா எழுதினாரல்லர். மனமுருகிக் காயங்கட்டினான் என்றே எழுதினார். ஆதலின் இரக்கத்தையும் ஒரு பயிற்சியாக மருத்துவ மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டுமெனக் கருதுகின்றோம்.